நாகேஷும் நாங்களும்

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர், அழுகையையும் பெருமிதத்தையும் பின்னே நிறுத்தி, நகையை முதலில் வைத்தார். அதன் காரணத்தைப் புலவர் பெருமக்கள் ஆராய்ந்து கொள்வார்களாக. வயிற்றுப்பாட்டின் பொருட்டு ஊரும் உறவும் விட்டு நெடுந்தொலைவு வடக்கே வந்து சேர்ந்த எங்களைப் போன்றோர்க்கு அக்காரணம் நூலைப் புரட்டாமலே விளங்கிற்று. அயலூரில் அழுவதற்கு எவர் உதவியும் வேண்டியதில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தனியே அழலாம். சிரிப்பதற்குத்தான் மொழியறிந்த துணை வேண்டும். அத்துணையாக எங்கள் தலைமுறைப் பம்பாய்த் தமிழர்க்கு வாய்த்தவர், 2009-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31-ஆம் நாள் சென்னையில் மறைந்த நாகேஷ் அவர்கள்.

நாங்கள் என்றது ஐவரை. 1962-க்கும் 1965-க்கும் இடையே, தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற தகுதி ஒன்றையே மூலதனமாகக் கொண்டு, ஒருவர் பின் ஒருவராகத் தாதர் நிலையத்தில் வந்து இறங்கி, மாட்டுங்காவில் ஓர் அறையைப் பங்கிட்டுக்கொண்டவர்கள். இருவர் தஞ்சை மாவட்டத்தார், ஒருவர் பாலக்காட்டுக்காரர், ஒருவர் திருநெல்வேலிச் சீமை, ஒருவர் தாராபுரத்துக்கு அண்மையிலுள்ள சிற்றூர். இந்த ஐந்தாமவர், நாகேஷ் பிறந்த ஊர்ப்பக்கத்தவர் என்ற உரிமையில், அவருடைய படம் வரும்போதெல்லாம் தம் சொந்தத் தம்பிக்குத் திருமணம் என்பதுபோல் நடந்துகொள்வார். டிக்கெட்டுச் செலவை மட்டும் எங்களிடம் விட்டுவிடுவார். ஐவருள் இருவர் இன்று இல்லை. எஞ்சிய மூவரும் எண்பதைக் கடந்தவர்கள். மூவர் நினைவையும் ஒன்றாகக் கூட்டி, ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுக்க எழுதுவதால், இக்கட்டுரையில் ‘நான்’ என்னும் சொல்லுக்கு இடமில்லாமற் போயிற்று.

அந்நாளில் பம்பாயில் தமிழ்ப்படம் பார்ப்பதென்பது நினைத்தவுடன் நடக்கும் காரியமன்று. சென்னையில் வெளியாகி, மதுரையும் திருச்சியும் கண்டு களித்து முடித்து, படச்சுருள் தேய்ந்து திரையில் மழை பெய்யத் தொடங்கிய பிறகே பல படங்கள் எங்களை வந்தடையும். கிங்ஸ் சர்க்கிளில் இருந்த அரோரா அரங்கு தென்னாட்டுப் படங்களுக்குப் பேர்போனது. படம் நடக்கும் நாளில் அதன் வாசலில் நின்றால் மல்லிகைப்பூவின் மணமும் விபூதியின் மணமும் தேங்காயெண்ணெயின் மணமும் கலந்து வரும், பம்பாயை மறந்துவிடலாம். மாட்டுங்காவிலிருந்து வேட்டியும் பட்டுப்புடவையுமாக ஒரு கூட்டம் வரும். தாராவியிலிருந்து, தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய மக்கள் குடும்பம் குடும்பமாக நடந்தே வருவார்கள். இரண்டு இடங்களுக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. ஆயினும் சாதியும் சம்பளமும் இட்ட வேலி அந்தச் சிறு தொலைவைப் பெருந்தொலைவாக்கி வைத்திருந்தது. கோயிலிலும் கச்சேரியிலும் சங்கக் கூட்டத்திலும் ஒன்றாக உட்காராத அந்த இரு கூட்டமும் ஒரே கூரையின் கீழ் இருந்த இடம் எங்களுக்குத் தெரிந்து இந்த அரங்கு ஒன்றுதான். அங்கும் மாடி வேறு, தரை வேறு என்பது உண்மையே. நாகேஷ் வாய் திறந்ததும் சிரிப்பு முதலில் கீழே எழும். மரியாதை பார்த்துத் தயங்கி, ஒரு நொடி கழித்து மாடியும் சேர்ந்துகொள்ளும்.

1964-இல் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வந்தது. வண்ணமும் இளமையும் இசையும் துள்ளிய படம். எங்கள் நெஞ்சில் நிலைத்ததோ, தான் பெரிய படத்தயாரிப்பாளன் என்று தானே முடிவு செய்துகொண்ட செல்லப்பா, தன் தந்தைக்குப் பேய்க்கதை சொல்லும் ஒரு காட்சி. கையில் கருவி ஏதுமில்லை. குரலும் விரலும் விழியுமே அவருக்கு மேடை, விளக்கு, வாத்தியம் எல்லாம். கேட்பவருக்கு வேர்க்கிறது, பார்க்கிற எங்களுக்கு மூச்சு முட்டுகிறது. அக்காட்சியின் வெற்றியில் சரிபாதி டி.எஸ். பாலையாவுக்கு உரியது என்பதை நாகேஷின் அன்பர்களாகிய நாங்களே சொல்லிவிடுகிறோம். அஞ்சுகிற முகம் பொய்யானால் அச்சுறுத்துகிற வாய் வீணாகும். நாடகமேடையில் பழுத்த ஒரு பெருங்கலைஞர், நேற்று வந்த ஓர் இளைஞன் விளையாடத் தம் முகத்தைத் திறந்து கொடுத்த பெருந்தன்மையை இன்று நினைத்தாலும் உள்ளம் நெகிழ்கிறது.

நேற்று வந்தவர் எங்கிருந்து வந்தார் என்பதுதான் எங்களை அவரோடு இறுகப் பிணைத்தது. 1933-இல் பிறந்த அவர், கன்னடம் பேசும் குடும்பத்துப் பிள்ளை. இளமையில் பெரியம்மை கண்டு முகமெல்லாம் தழும்பானது. சென்னைக்கு வந்து இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்துகொண்டே அமெச்சூர் நாடகங்களில் நடித்தார். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சிறிது நேரமே தோன்றி, தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்றார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. பிற்காலத்தில் பெருங்கவிஞரான வாலியும் அவரும் தியாகராய நகரில் வறுமையைப் பங்கிட்டுக்கொண்ட நண்பர்கள். 1950-களின் இறுதியில் திரையில் சிறு வேடங்கள் கிடைத்தன. இவ்வளவும் எங்களுக்குப் பத்திரிகை வாயிலாகத் தெரியும். எழுத்தர் வேலை, வாடகை அறை, மாத இறுதியில் காலியாகும் சட்டைப்பை என்று எங்கள் வரலாற்றையே யாரோ அச்சிட்டாற் போலிருந்தது. ஒரே வேறுபாடு, அவர் கோப்பை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்; நாங்கள் ஓய்வு பெறும் வரை கோப்பைத் திறந்துகொண்டே இருந்தோம்.

அம்மைத் தழும்பைப் பற்றி ஒரு சொல். 1975-க்குப் பிறகு இந்நாட்டில் பெரியம்மை இல்லை. இன்றைய இளைஞர்க்கு அத்தழும்பு எப்படியிருக்கும் என்பதே தெரியாது. எங்கள் தலைமுறையில் வீட்டுக்கொரு முகத்தில் அது இருந்தது. எங்கள் ஐவரில் ஒருவருக்கும் இருந்தது. பெண் பார்க்கப் போன இரண்டு இடங்களில் அவர் முகம் காரணமாகச் சம்பந்தம் தட்டிப்போயிற்று. அப்படிப்பட்டவர், நாகேஷின் முகம் திரை முழுதும் நிறைந்து நிற்க, ஆயிரம் பேர் அம்முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் இருப்பதை இருட்டில் அமர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரமும் அதே படத்துக்குத் தனியாகப் போய்வந்தார்.

அலுவலகத்திலோ எங்களுக்கு வேறொரு போராட்டம். 1966-இல் ஸ்ரீதர் தம் படத்தையே இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ என்று எடுத்தார். செல்லப்பாவின் இடத்தில் மெஹ்மூத். பாலையாவின் இடத்தில் ஓம் பிரகாஷ். வடநாட்டு நண்பர்கள் வியந்து மாய்ந்தார்கள். அவ்வேடத்துக்காக மெஹ்மூதுக்குப் ஃபிலிம்பேர் பரிசும் கிடைத்தது. “ஐயா, இது எங்கள் ஊர்ச் சரக்கு” என்று எங்களுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நாங்கள் வாதாடினோம். எவர் கேட்டார்? பின்னும் ‘சர்வர் சுந்தரம்’ இந்தியில் ‘மை சுந்தர் ஹூம்’ ஆயிற்று; ‘எதிர்நீச்சல்’ ‘லாக்கோ மே ஏக்’ ஆயிற்று; இரண்டும் 1971-இல் வந்தன; இரண்டிலும் மெஹ்மூதே. நாகேஷ் ஏறிய படிகளிலெல்லாம் பின்னாலேயே ஏறி வந்தவர் அவர் என்று நாங்கள் அக்காலத்தில் கடுமையாகப் பேசினோம். நடுநிலையோடு சொன்னால், மெஹ்மூத் பெரிய கலைஞர். பேய்க்கதைக் காட்சியைத் தமக்கேயுரிய முறையில் செய்தவர். அவரிடம் குழைவு மிகுதி, நாகேஷிடம் கூர்மை மிகுதி. துடைப்பக்குச்சி போன்ற உடம்பை வைத்துக்கொண்டு எலும்பே இல்லாதவர்போல் வளைவது நாகேஷுக்கு மட்டுமே கைவந்தது.

எங்கள் மனத்தாங்கல் வேறு. 1968-இல் வந்த ‘படோசன்’ படத்தில் அதே மெஹ்மூத், குடுமியும் வேட்டியுமாக ஒரு தென்னாட்டுப் பாட்டு வாத்தியாராக வந்தார். படம் பெருவெற்றி பெற்றது. இன்று பார்த்தால் எங்களுக்கே சிரிப்பு வருகிறது, நன்றாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் அன்று, மறுநாள் காலை அலுவலகத்தில் நுழைந்ததும் அந்த வாத்தியாரின் குரலில் எங்களுக்கு வணக்கம் சொன்னார்கள். ஒரு நாளன்று, பல மாதங்கள். தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொன்னார். எள்ளலை விளக்க வந்த பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலும் உண்டு, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதலும் உண்டு என்று இரண்டாகப் பிரிக்கிறார். இரண்டாவது வகை எப்படிச் சிரிப்பாகும் என்று படிக்கிற காலத்தில் எங்கள் தமிழாசிரியரிடம் கேட்டவர் எங்களுள் ஒருவர். “வெளியூர் போனால் தெரியும்டா” என்றாராம் ஆசிரியர். பல்லைக் காட்டிக்கொண்டு பதில் வணக்கம் சொல்லியபோது அவ்வுரை எங்களுக்கு முழுதும் விளங்கிற்று.

அறுபதுகளின் இறுதி ஆண்டுகள் பம்பாயில் தென்னாட்டவருக்கு நல்ல காலமாக இருக்கவில்லை. வேலைகளையெல்லாம் நாங்கள் வந்து பறித்துக்கொண்டோம் என்ற முழக்கம் எழுந்தது. எங்களவர் உடை பரிகாசப் பொருளாயிற்று. உணவகங்கள் சில தாக்கப்பட்டன. மின்சார இரயிலில் தமிழில் பேசுவதை நிறுத்தினோம். கைகளால் சாடை காட்டிக்கொண்டோம். வேட்டி அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்த நாள்களில் அரங்கின் இருட்டில் இரண்டரை மணி நேரம் தமிழில் வாய்விட்டுச் சிரிப்பது என்பது எங்களுக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. நெஞ்சில் ஒரு வாரமாக அடைத்து வைத்த காற்று வெளியேறும் வழி அது. படம் முடிந்து விளக்கெரிந்ததும் எல்லாரும் சட்டென்று மௌனமாவோம். வாசலைத் தாண்டியதும் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து போய்விடுவோம். அதே நாள்களில் எங்கள் குடியிருப்பில் அடுத்த அறையில் இருந்த மராத்திப் பெரியவர் ஒருவர், நாங்கள் ‘காகா’ என்று அழைப்பவர், இரவுக் காட்சிக்குப் போகும்போது தாமும் சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பிவிடுவார். ஒரு சொல்லும் அவருக்குப் புரியாது. “நானும் உங்களோடு இருந்தால் வழியில் எவனும் பேசமாட்டான்” என்பார். அவருக்கும் நாங்களே டிக்கெட் வாங்குவோம். அதற்கு அவர் ஒருநாளும் இசைந்ததில்லை.

‘திருவிளையாடல்’ 1965-இல் வந்தது. நக்கீரராக ஏ.பி. நாகராஜனே நடிக்க, சிவபெருமானாகச் சிவாஜி கணேசன் நிற்க, இவ்விரு மலைகளுக்கு நடுவே ஒரு கிழிந்த துணிபோல் நாகேஷ் தருமியாக வந்தார். தமிழ்ச் சங்கத்து மலரில் இதனைச் சற்று விரித்துச் சொல்ல இடமுண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், தருமிக்குப் பொற்கிழி அளித்த படலத்தில், தருமி பெற்றோரை இழந்த ஓர் ஆதிசைவ இளைஞன், மணம் முடிக்கப் பொருள் வேண்டி இறைவனை இரக்கிறான், பாட்டைப் பெறுகிறான், அவையில் குற்றம் சொல்லப்பட்டதும் மீண்டும் வந்து முறையிடுகிறான். அத்தோடு கதை அவனை விட்டுவிட்டு, புலவருக்கும் இறைவனுக்கும் நடக்கும் வழக்கின் பின்னே போய்விடுகிறது. படிப்பவர் மனத்தில் நக்கீரர் நிற்பார், நெற்றிக்கண் நிற்கும், தருமி நிற்கமாட்டான். அந்தத் தருமியை எடுத்து நிறுத்தியவர் நாகேஷ். இன்று தமிழ்நாட்டில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் தருமியைத் தெரியும்.

என்ன செய்தார்? கோயில் மண்டபத்தில் தனியே புலம்பினார், அவ்வளவே. தனக்குப் பாட்டு எழுத வராது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆயிரம் பொன்னும் கண்முன் மின்னுகிறது. ஆசைக்கும் இயலாமைக்கும் நடுவே அந்த மனிதன் படும் பாட்டை, கூனிக் குறுகிய முதுகாலும், தனக்குத்தானே பேசும் வாயாலும், நின்ற இடத்தில் நில்லாத கால்களாலும் காட்டினார். முன்னே நிற்பவர் இறைவன் என்றறியாமல் அவரையே சோதிக்கப் புகும் துணிவு. அவைக்குள் நுழையும்போது பாட்டு தன்னுடையதே என்று தானே நம்பிவிடும் பேதைமை. அடிபட்டுத் திரும்பும்போது கடவுளையே கடிந்துகொள்ளும் உரிமை. அக்காட்சியில் அவர் பேசியவற்றில் பலவும் அப்போதே அவர் வாயில் பிறந்தவை என்றும், சிவாஜியே அவற்றுள் ஒன்றையும் வெட்டவேண்டாமென்று சொன்னார் என்றும் திரையுலகத்தார் கூறுவதுண்டு. மெய்யோ, மிகையோ, சிவாஜி அக்காட்சியில் நிற்கும் நிலையைப் பார்த்தால் மெய்யாகவே இருக்கும் என்று தோன்றும். சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும் இறைவன் அவர்.

படம் முடிந்து வெளியே வந்தபோது, தாராவியில் மளிகைக்கடை வைத்திருந்த எங்கள் திருநெல்வேலி நண்பரின் உறவினர் எதிர்ப்பட்டார். “என்ன அண்ணாச்சி, படம் எப்படி?” என்றோம்.

“அந்தத் தருமி பயல் நம்ம ஆளுடே,” என்றார் அவர். “கடன் கேட்டுப் போறவன் முகம் அப்படித்தான் இருக்கும். என் கடைக்குத் தினம் பத்துப் பேர் வாரான்.”

புராணத்துக்கு உரை எழுதிய எவரும் இப்படிச் சொன்னதில்லை.

‘சர்வர் சுந்தரம்’ கே. பாலசந்தரின் நாடகமாக இருந்து, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1964-இல் படமாயிற்று. ஓட்டலில் பரிமாறுகிற ஒருவன் பெரிய நடிகனாகிறான், புகழ் வருகிறது, தாயை இழக்கிறான், காதலும் கைகூடுவதில்லை. கதையின் சோகப்பகுதி சற்று நீளம் என்றே எங்களுக்குத் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. நாங்கள் சாப்பிட்டு வந்த மாட்டுங்கா மெஸ்ஸில், மாயவரத்துப் பக்கமிருந்து வந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன் பரிமாறிக்கொண்டிருந்தான். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து இரவு பதினொன்றுக்குப் படுப்பவன். அவனையும் அழைத்துப்போக முதலாளியிடம் இரண்டு நாள் கெஞ்சி அனுமதி வாங்கினோம். அரங்கமே குலுங்கிச் சிரித்தபோது அவன் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிடிக்கவில்லை போலும் என்று எண்ணினோம். திரும்பி வரும் வழியில்தான் வாய் திறந்தான்.

“அண்ணா, அவர் டம்ளரை அடுக்கித் தூக்கறாரே, அது நெசமான தூக்கல். தோள் முதல்ல போகணும், கை அப்பறம். எங்கியோ நின்னு பார்த்துக் கத்துண்டிருக்கார்.”

மறுநாள் முதல் அவன் நடையே மாறிவிட்டது. தோசைத் தட்டுகளை முழங்கை வரை அடுக்கிக்கொண்டு, மேசைகளுக்கிடையே நாகேஷைப்போல் வளைந்து நெளிந்து வருவான். சாப்பிட வருபவர்கள் கை தட்டுவார்கள். முதலாளி முதலில் திட்டினார். கூட்டம் கூடியதும் திட்டுவதை விட்டார். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அவன் ஊருக்குத் திரும்பிச் சிறு காப்பிக்கடை வைத்தான் என்று கேள்விப்பட்டோம். அதற்குமேல் செய்தியில்லை.

‘எதிர்நீச்சல்’ 1968. காகாவும் உடன் வந்த படம் அது. ஒண்டுக்குடித்தன வீட்டின் மாடிப்படிக்குக் கீழே வாழும் மாது, அங்குள்ள குடித்தனக்காரர் எல்லார்க்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் போடுவதை உண்டு, படித்து முன்னேறப் பார்க்கிறான். தமிழகத்துப் பார்வையாளர்க்கு அது புதிய களமாக இருந்திருக்கலாம். பம்பாயில் ‘சால்’ எனப்படும் குடியிருப்பில் வாழ்ந்த எங்களுக்கு அது எங்கள் வீடே. எங்கள் மாடிப்படியின் கீழும் ஒரு பையன் இருந்தான், இரத்தினகிரிப் பக்கத்தவன், குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிக் கொடுப்பான். நாங்களும் அவனுக்கு மிச்சச் சோறு போட்டோம், அணா காசு போட்டோம், அவன் பெயரையும் சொல்லி ஏவினோம். திரையில் ஒவ்வொரு கதவாகத் திறந்து ஒவ்வொரு குரலாக மாதுவை அழைக்கும்போது, எங்களுக்கு அதில் எங்கள் குரலும் கேட்டது. காகா இடைவேளையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அவன் படிப்பை முடிப்பானா?” நாங்கள், முடிப்பான் என்றோம். திரும்பியதும் காகா அந்தப் பையனைத் தம் அறைக்கு அழைத்து, பலகையும் குச்சியும் கொடுத்து எழுத்துப் போதித்தார். தமிழ்ப் படம் ஒன்று மராத்திக் குழந்தைக்கு எழுத்தறிவித்த கதை இது. எங்கும் பதிவாகவில்லை, ஆதலால் இங்கே பதிகிறோம். பின்னால் இந்தியில் வந்தபோது காகா அதனையும் பார்த்தார். “இந்த ஆள் படியின் கீழே நடிக்கிறான்; உங்கள் ஆள் அங்கே படுத்துறங்கினான்” என்றார். எந்த விமர்சகரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

எல்லாப் படங்களையும் பற்றி இப்படி எழுதினால் மலரில் பிறருக்கு இடமிராது. எம்.ஜி.ஆரோடும் சிவாஜியோடும் ஜெய்சங்கரோடும் அவர் நடித்த படங்கள் எண்ணிறந்தவை. ஒரே நாளில் பல படப்பிடிப்புகளுக்கு ஓடிய காலம் அது. அதன் விளைவு சில படங்களில் தெரியவே செய்கிறது. கதைக்குத் தொடர்பில்லாத கிளைக்கதையில் மனோரமாவோடு ஒரு சண்டை, ஒரு பாட்டு, கண்ணை உருட்டி ஒரு விழுகை என்று செலவாகிப்போனவையும் உண்டு. அவரை ‘இந்தியாவின் ஜெர்ரி லூயிஸ்’ என்று சிலர் புகழ்ந்தது எங்களுக்கு உவப்பாயில்லை. உடம்பை வளைப்பதில் ஒப்புமை இருக்கலாம். ‘தில்லானா மோகனாம்பா’ளின் சவடால் வைத்தியை வேற்றுநாட்டு எவரோடு ஒப்பிடுவது? கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய அந்தப் பாத்திரம், பெண்ணைப் பெரிய மனிதர்க்குத் தூது பேசும் கயவன். நாகேஷ் அவனது கயமையைச் சிறிதும் குறைக்கவில்லை. இருந்தும் அவன் வந்தால் அரங்கம் மகிழ்கிறது. தஞ்சை மாவட்டத்து நண்பர்கள் இருவரும், “இவனை எங்களுக்குத் தெரியும்; எங்கள் தெருவிலேயே இருந்தான்” என்று ஒரே குரலில் சொன்னார்கள்; எந்தத் தெரு என்பதில் மட்டும் வேறுபட்டார்கள்.

சிரிப்பு நடிகர் என்ற பெயரே அவருக்குக் குறுகிய சட்டை என்பதைப் பாலசந்தர் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார். அவர் முதலில் இயக்கிய ‘நீர்க்குமிழி’ 1965-இல் வெளிவந்தது. மருத்துவமனையை விட்டு நகராத அப்படத்தில் நாகேஷ் புற்றுநோயாளி. பிற நோயாளிகளைச் சிரிக்க வைத்துக்கொண்டே சாவை நோக்கிப் போகிறவன். 1975-இல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் மது அருந்தும் மருத்துவராக வந்து, தனித்திருக்கும் வேளையில் சுவரில் விழும் தன் நிழலோடு கோப்பையை உயர்த்தி உறவாடுவார். நிழலுக்கும் அவருக்கும் நடுவே உள்ள அந்த வெறுமை, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு அறையில் வாழ்ந்த எங்கள் நண்பர் ஒருவரை நெடுநாள் தொந்தரவு செய்தது.

எழுபதுகளின் பிற்பகுதியில் புதியவர்கள் வந்தார்கள். நாகேஷ் வருவது குறைந்தது. எங்களுக்கும் குடும்பச் சுமை ஏறிய காலம். செம்பூரிலும் முலுந்திலும் டோம்பிவிலியிலும் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்திருந்தோம். 1985-இல் தம் மகன் ஆனந்த் பாபுவை வைத்து அவரே ஒரு படம் இயக்கினார். பிறகு கமல்ஹாசன் அவரை வேறு வேடங்களில் காணத் துணிந்தார். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் கொடியவன். ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் திருட்டுக் கணக்குப் பிள்ளை அவினாசி. ‘மகளிர் மட்டும்’ (1994) படத்தில் பிணம். வசனமில்லை, கண்ணசைவில்லை, மூச்சுமில்லை. அரங்கம் சிரிப்பில் உருண்டது. முப்பதாண்டுகள் ஓடி ஆடிச் சிரிக்க வைத்த உடம்பு, அசையாமல் கிடந்தும் சிரிக்க வைத்ததைப் பார்த்தபோது எங்களுக்குச் சிறிது அச்சமாகவும் இருந்தது. அதே ஆண்டில் ‘நம்மவர்’ படத்தில், மகளை இழந்த தந்தையாக அவர் நிலைகுலையும் காட்சிக்குத் தேசிய விருது, சிறந்த துணை நடிகர் என்ற பெயரில், கிடைத்தது. பத்ம விருது ஒன்றும் அவரைத் தேடி வரவில்லை. அக்குறையை இந்நாட்டின் கணக்கில் எழுதுவோமே தவிர அவர் கணக்கில் எழுத மாட்டோம்.

கடைசியாகத் திரையில் நாங்கள் கண்டது 2008-இல் வந்த ‘தசாவதார’த்தில். குரல் தேய்ந்திருந்தது. மறுஆண்டு சனவரி இறுதிச் சனிக்கிழமை தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. தாராபுரத்து நண்பர் அதற்கு முன்னரே காலமாகியிருந்தார். அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் துக்கம் விசாரித்தோம். அவர் மனைவி வியப்படையவில்லை; “அவர் இருந்திருந்தா இன்னிக்கு முழுக்கச் சாப்பிட்டிருக்க மாட்டார்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஞாயிறன்று செம்பூரில் ஒருவர் இல்லத்தில் கூடினோம். அழுகைப் படமேதும் வேண்டாமென்று முடிவு செய்து, குறுந்தட்டில் ‘திருவிளையாட’லைப் போட்டு, நேரே தருமி வரும் இடத்துக்கு ஓட்டினோம். பேரப்பிள்ளைகள் நால்வரும் அங்கே விளையாடிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் மகனும் மருமகளும் ஆங்கிலம் பேசுவார்கள். தெருவில் இந்தியும் மராத்தியும். தமிழ், பாட்டியோடு மட்டும் பேசும் சில சொற்கள். தருமி புலம்பத் தொடங்கியதும் சிறியவன் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரையருகில் வந்து உட்கார்ந்தான். சொல் புரியாமலே சிரித்தான். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, “தாத்தா, என்ன சொல்றார்?” என்று தமிழிலேயே கேட்டான். ஒருவர் சொல்லத் தொடங்கினார், மற்றவர் திருத்தினார், மூன்றாமவர் இருவரையும் அடக்கிவிட்டுச் சங்கம், பாண்டியன், பெண்களின் கூந்தல் மணம் பற்றிய ஐயம் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இன்னொரு தடவை போடுங்கோ” என்றான். போட்டோம். முதுகைக் கூனிக்கொண்டு கூடம் முழுதும் தருமியாக நடந்து காட்டினான். உள்ளேயிருந்து சாப்பிட அழைத்தார்கள்; மூன்றாம் முறையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தோம்.